மலையிறங்கி வந்த ஆடுகள்

ஜவ்வாது மலையைச் சல்லடை போட்டுச் சலித்தும் கிடைக்காத செடி, ஆம்பூர் ரயிலடிக்குப் போகும் குறுக்கு வழியில், ஒரு குப்பைமேட்டில் பூவும் முள்ளுக்காயுமாக நின்றது. தாவரவியல் பேராசிரியர் வேதாசலம் தலைப்பாகையைத் தூக்கிப் போட்டுக் குதித்தார்.

"இன்னா ஐயா ஆச்சு?" குப்பைக் கூடையோடு வந்த ஞானம்மாள் மிரண்டாள்.

"அழிஞ்சே போச்சுன்னு நெனைச்ச செடிம்மா! மலையில பாழாப்போன ஆடுங்க மேஞ்சே தீத்துடுச்சு. இங்க ஒரு ஆட்டையும் விட்டுடாதே!"

"தெனம் நூறு ஆடு வருதே!"

பேராசிரியர் பாய்ந்து செடிக்குக் குறுக்கே நின்றார். "மேயுமா?"

"தோலு எப்படி ஐயா மேயும்?" சிரித்தபடி அவள் கூடையைக் கவிழ்த்தாள். "மலையாட்டுத் தோலை உதறினா, முடியில ஒட்டிக்கினு வந்த காயெல்லாம் கொட்டும். அதுதான் இங்க மொளைச்சிருக்கு."

அப்போதுதான், குப்பைமேட்டை ஒட்டியிருந்த தோல் பதனிடும் ஷாப்பின் நாற்றம் அவர் மூக்கில் ஏறியது. மூக்கைப் பொத்தவில்லை. உள்ளே அடுக்கியிருந்த ஆட்டுத் தோல்களைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டார்.