ஒட்டுப்போட்ட கோல்

கூடியிருக்கும் ஊரின் நடுவில், தேசப்பன் தன் தூண்டில் கோலை முழங்காலில் வைத்து வளைக்கிறான். வில்லாக வளைகிறதே தவிர ஒடியவில்லை. மூர் மார்க்கெட்டில் பழைய இரும்போடு கிடந்த வெள்ளைக்காரன் கோல், தேன் நிற ஃபைபர். நடுவில் ஒடிந்திருந்ததை, உள்ளே மூங்கில் குச்சி செருகி, பட்டுநூல் சுற்றி, வார்னிஷ் பூசி ஒட்டியவன் அவன்தான். ஏரியில் மீன் பிடிக்கும் இடமான பாடு, இன்று சிங்காரத்தின் முறை. அந்த இடத்தில் வேறு யாரும் வலை விடக் கூடாது என்பது ஊர்க் கட்டு. தூண்டில் வலையில்லையே என்று நினைத்து தேசப்பன் அங்கே தூண்டில் போட்டுவிட்டான். ஊர் முன்னால் கோலை அவனே ஒடிக்க வேண்டும் என்பது தண்டனை. பிடித்த கொடுவா மீன் அவன் காலடி மணலில் இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. “இன்னாடா கொஞ்சிக்கினு கீற? ஒட்டுன எடத்துல வெச்சு அமுக்கு,” என்கிறார் தலைவர் நாகரத்தினம். கூட்டம் சிரிக்கிறது. அவன் பெண்டாட்டியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். வெயிலில் வார்னிஷ் மினுங்குகிறது. ஒட்டின்மேல் முழங்காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்குகிறான். படீரென்று ஒடிகிறது, ஒட்டில் அல்ல, ஒரு சாண் தள்ளி. ஃபைபர் சிம்புகள் உள்ளங்கையில் ஏறி ரத்தம் கசிகிறது. தலைவர் ஒட்டு இருக்கும் கோல் துண்டை வாங்கி, நூல் சுற்றைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பார்க்கிறார்.

“ஒட்டு நல்லாதான் போட்டுக்கீற நைனா,” என்று திருப்பி நீட்டுகிறார். “அத்தையும் ஒடச்சிடு.”