சிலுவையின் பழைய குரல்

மீன் ஏலக்கூடத்தில் மைக் இல்லாமலே ஏலம் கூறியவன் சிலுவை. கடலில் தம்பியைப் பறிகொடுத்த பிறகு அவன் வாயே திறப்பதில்லை. மனத்தேறுதல் பாடங்கள் அவனுக்குப் போனில் வந்தன. யாருக்குப் பாடமோ, அவருடைய பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து எடுத்த குரலிலேயே அவை பேசும்.

“எந்திரி சிலுவ. மூஞ்சியக் கழுவு. வெயில்ல கொஞ்சம் நில்லு.”

காலையில் போனிலிருந்து அவனுடைய ஏலக்குரல் வீட்டை நிறைக்கும். அவனும் சொன்னபடி செய்வான். அடுப்படியில் மனைவி பெர்னத் கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவாள். அந்தக் குரலுக்காகத்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். சில நாள் தன்னை மறந்து, “இந்தா வாரேன்” என்று அதற்குப் பதிலும் சொல்லிவிடுவாள்.

கடைசிப் பாடம் முடிந்ததும் ‘மனம் தேறியதா?’ என்று போன் கேட்கும். ‘ஆம்’ என்றால் குரல் அத்தோடு நின்றுவிடும். சிலுவை எப்போதும் போனை அவளிடம் நீட்டிவிடுவான். அவள் ‘இல்லை’யைத் தொடுவாள். பாடங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

இன்றும் போனை வாங்கி அடுப்படிக்குக் கொண்டுவந்து ‘இல்லை’யைத் தொட்டாள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

“பெர்னத்து... மீனு தீயுற வாட அடிக்கி, பாரு.”

கம்மிப்போன குரல். எந்தப் பாடத்திலும் அவள் பெயர் வந்ததில்லை.

“ஏங்க!” என்று உள்ளே ஓடினாள்.

அதற்குள் கையிலிருந்த போன் முந்திக்கொண்டது. “எந்திரி சிலுவ. மூஞ்சியக் கழுவு” என்று கணீரென்று ஆரம்பித்தது.

சிலுவை வாயை மூடிக்கொண்டு, முகம் கழுவ எழுந்து போனான்.