பதினேழாவது வெடிப்பு

எம்.எஸ்சி ப்ராஜெக்ட்டுக்குப் விண்வெளியில் பதிவான பதினேழு காமாக்கதிர் வெடிப்புகள் வேண்டும். செயற்கைக்கோள் பட்டியலில் சத்யபிரியாவுக்குக் கிடைத்தவை பதினாறு. பதினேழாவதைத் தாம்பரம் ரயிலில் அவளே கற்பனையாக எழுதிவிட்டாள்: மார்ச் 9, நீடித்தது பதினொன்றரை நொடி.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் டேனியல், "இவ்வளவு கதிர் எப்படிம்மா வருது?" என்றார்.

"நட்சத்திரம் சாகும்போது பொருளைப் பீய்ச்சியடிக்கும் சார். முன்னாடி போனதுமேல பின்னாடி வேகமா வர்றது மோதும். அதுல எலக்ட்ரான்கள் காந்தப்புலத்துல சுத்தி, காமாக்கதிரைக் கொட்டும்." அவள் ப்ராஜெக்ட் அறிக்கையை மூடிவைத்தாள். "சார், பதினேழாவது நானா எழுதினது."

"ஜோக்கா?" அவர் திரையைத் திருப்பினார். "பட்டியல்ல நேத்துதானே புதுசா சேர்த்திருக்காங்க!" மார்ச் 9, பதினொன்றரை நொடி. பூமி உண்டாகும் முன்பே கிளம்பிய ஒளி.

வெளியே மழையும் இல்லை, வெயிலும் இல்லை. வானத்தின் கீழ் நடக்கவே கூசியது. சத்யபிரியா குடையை விரித்து, ஸ்டேஷன்வரை தலைகுனிந்தே நடந்தாள்.