அவைக்குறிப்பில் ஒன்பது பேர்

கைதான மீனவர்கள் சிறையில் இறந்ததைப் பற்றி வழக்கறிஞர் சார்மெந்து தன் நாளிதழுக்கு எழுதிய கட்டுரையைத் தணிக்கை அதிகாரி நீலப் பென்சிலால் முழுவதும் அடித்திருந்தார். அப்படி எவருமே சாகவில்லை என்பது அரசின் வாதம். சார்மெந்து லிஸ்பன் நாடாளுமன்ற உறுப்பினரும்கூட; அதே கட்டுரையை அவையில் வாசித்தார். அங்கே பேசியது எதுவானாலும் தணிக்கையின்றி அவைக்குறிப்பில் அச்சாக வேண்டும்.

"சிறையில் இறந்த மீனவர்கள் பதினோரு பேர்" என்றதும் அமைச்சர் துள்ளி எழுந்தார்.

"பச்சைப் பொய்! வக்கீலுக்கு எண்ணக்கூடத் தெரியல. செத்தது ஒம்போது பேருதான்யா!"

ஆளுங்கட்சியினர் மேசையைத் தட்டினார்கள். பிறகு ஒவ்வொரு கையாக நின்றது.

சார்மெந்து சுருக்கெழுத்தர் பக்கம் திரும்பினார். "ஐயா, அமைச்சர் சொன்னத எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேங்க."

கட்டுரையில் இன்னும் நான்கு பக்கங்கள் இருந்தன. சார்மெந்து அதை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.