டாக்டர் வரைந்த பித்தக்குழாய்

"உங்க அண்ணனுக்காக உங்க கல்லீரல்ல இருந்து ஒரு பகுதியை எடுக்க முடியாதும்மா" என்றார் டாக்டர்.

அவள் முகத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டாள். அண்ணிதான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணியும் கூட இருக்கலாமா என்று டாக்டர் முதலிலேயே கேட்டிருந்தார். இருக்கட்டும் என்று அவள்தான் சொன்னாள். அண்ணி காதில் விழத்தானே இத்தனையும்.

நேற்று, உறுப்புக் கொடுக்க வருபவர்களிடம் பேசும் ஆஸ்பத்திரி ஆலோசகரிடம் தனியாகச் சொல்லிவிட்டாள், தன்னால் முடியாதென்று. அப்பாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்தாயிற்று. பிறகு அம்மாவை. பிறகு வீட்டுக்காரரை. ஒவ்வொருவராக வழியனுப்பிவிட்டு இப்போதுதான் சற்று உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. கொடுப்பதற்கு உடம்பில்தான் ஒன்றும் மிச்சமில்லை.

ஆலோசகர் பதறவில்லை. இப்படிச் சொல்பவர்கள் உண்டாம்.

"பொருந்தலைன்னு மட்டும் சொல்லிடுவோம். வேற எதுவும் வெளியே போகாது" என்று கையைத் தட்டிக்கொடுத்தார்.

டாக்டரோ அதோடு நிறுத்தவில்லை. ஒரு தாளை இழுத்துக் கல்லீரலை வரைந்தார். அதிலிருந்து குடலுக்கு இறங்கும் பித்தக்குழாயை வரைந்தார். பென்சில் தடிமனில் போகவேண்டிய குழாய், அவளுக்கு நடுவில் எலுமிச்சம்பழம்போல வீங்கியிருக்கிறதாம். நீர்க்கட்டி என்பார்களாம். பிறவியிலேயே வருவது. சிலருக்குச் சிறு வயதிலேயே காமாலை, வலி என்று காட்டிக்கொடுத்துவிடும். சிலருக்கு வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப்போய்த்தான் தெரியவரும். இங்கே அல்ட்ராசவுண்டில் சந்தேகப்பட்டு, பிறகு எம்ஆர்ஐயில் குழாய்களை மட்டும் தனியாகப் படமெடுத்து உறுதி செய்தார்களாம்.

ஒரு பொய்க்கு இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. படித்தவர்கள் பொய்யே தனிதான்.

"மேல் வயித்துல, வலது பக்கம் வலி வந்திருக்கா?"

"அடிக்கடி வரும் டாக்டர்" என்று அவளும் தன் பங்குக்கு ஒத்து ஊதினாள். வருவதென்னவோ உண்மைதான். வாயு என்று வெந்நீரைக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

"நேத்து வரைக்கும் குத்துக்கல்லாட்டம் இருந்தவதானே நீ" என்றாள் அண்ணி. "எங்க நேரம், இப்பப் போய் உனக்கு ஒரு கட்டி."

அண்ணனிடம் எப்படிச் சொல்வதென்று முனகிக்கொண்டே அண்ணி வார்டுக்குக் கிளம்பினாள்.

கதவு சாத்திய பிறகு அவள் எழுந்து கைகூப்பினாள்.

"ரொம்ப நன்றிங்க டாக்டர். பொருந்தலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே போதும். இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம்."

டாக்டர் புரியாமல் நிமிர்ந்து பார்த்தார். ஆலோசகர் அறையில் பேசியது எதுவும் அவர் வரைக்கும் வரவில்லை என்று அந்த முகமே சொன்னது.

"உட்காருங்கம்மா. இதை அப்படியே விட முடியாது. பின்னால புத்துநோயா மாறலாம். அந்தக் குழாயையே எடுத்தாகணும்."

அவள் உட்கார்ந்தாள்.

"ஆபரேஷன் ஆனதும் கொஞ்ச நாள் எழுந்து நடமாடக் கஷ்டமா இருக்கும். வீட்ல உங்களைப் பாத்துக்க யார் இருக்காங்க?"

அண்ணி சாத்திவிட்டுப் போன கதவை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.