தடித்த துணி

துணியைக் கையில் வாங்கியதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தெருக் கூட்டும் பெண்களுக்கான டி-ஷர்ட் துணி அது. விடிந்ததிலிருந்து வெயிலில் நிற்பவர்களுக்கு.

போன வருடம் சிங்கிள் ஜெர்சியில் கொடுத்தோம். ஒரே வரிசை ஊசியில் பின்னுகிற மெல்லிய துணி. கண்ணிக்குக் கண்ணி காற்று நுழையும். இந்த வருடம் வந்திருப்பது இன்டர்லாக். எதிரெதிரே இரண்டு வரிசை ஊசிகள் ஓடி, இரண்டு துணிகளை ஒன்றோடொன்று கோத்துவிட்டது மாதிரி பின்னுவது. தொட்டால் வழவழவென்று இருக்கும். குளிர்காலத்துக்கு அருமையாக இருக்கும்.

எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு தட்டு உண்டு. மனிதத் தோல் அளவுக்குச் சூடாகி, வேர்வை போல நீர் கசியும். துணியை அதன் மேல் விரித்தேன். பழைய துணியைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சூட்டைப் பிடித்து வைத்தது. ஆவி வெளியேறவே திணறியது.

மூன்று தடவை சோதித்தேன். மூன்று தடவையும் அதே கதைதான்.

கிடங்கில் தேங்கிக் கிடந்ததை இந்தப் பெண்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். ஏமாந்தவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்?

‘தகுதியில்லை’ என்று சிவப்பு மையில் எழுதி, தாளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

மேனேஜருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பதினெட்டு. அவர் அறையில் ஏசி எந்நாளும் பதினெட்டுக்கு மேல் ஏறியதில்லை. எதிரே நாற்காலி நுனியில் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். போன வருடத்து டி-ஷர்ட், கழுத்துவரை பொத்தான். துப்புரவுப் பெண்களின் தலைவி. சாம்பிள் பார்க்க வந்திருக்கிறார் என்றார்கள்.

நல்லதாகப் போயிற்று, அவர் முன்னாலேயே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

“சார், இதை நீங்க போட்டுக்கிட்டு மத்தியானம் ஒரு தெருவைக் கூட்டிட்டு வாங்க. அப்புறம் நான் கையெழுத்துப் போடறேன்.”

பதினெட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வாயை மூட மூட எனக்கு வாய் நீண்டது. கண்ணியின் நீளம், துணியின் கனம், காற்றோட்டம் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். இந்த அறையில் உட்கார்ந்து துணி தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் இருக்கும் என்றும் சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

“யாரைக் கேட்டு மாத்தினீங்க?”

“எங்களைக் கேட்டுத்தாம்மா,” என்றார் அந்தப் பெண். “தடிமனா வேணும்னு நாங்கதான் எழுதிக் கொடுத்தோம்.”

நான் அவரைப் பார்த்தேன்.

“பழைய துணி நனைஞ்சா உடம்போட ஒட்டிக்குது. எங்களுது குனிஞ்சு நிமிர்ற வேலை. பஸ் ஸ்டாப்ல நிக்கிறவன் எவனும் பஸ் வர்ற பக்கம் பார்க்கிறதில்ல.”

மேல் பொத்தானை அவிழ்த்துக் கழுத்தைச் சற்று விலக்கிக் காட்டினார். உள்ளே இன்னொரு டி-ஷர்ட். அதற்கும் உள்ளே இன்னொன்று.

“எல்லாரும் இப்படித்தான் போட்டுக்கிட்டுப் போறோம். அதுலதான் போன கோடையில ரெண்டு பேர் மயங்கி விழுந்தாங்க. இந்தத் துணின்னா ஒண்ணே போதும்.”

கீழே இறங்கினேன்.

பழைய துணியை மூன்று அடுக்காகத் தட்டின் மேல் விரித்தேன். ஒரு மணி நேரம் அதன் பக்கத்திலேயே நின்றேன். வந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கே மூச்சு முட்டியது. புதுத் துணி அதன் பாதியைக்கூடத் தொடவில்லை.

சிவப்பு மையில் எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, மறுபடியும் மாடி ஏறினேன். அந்தப் பெண் அதே நாற்காலி நுனியில் காத்திருந்தார்.

கோபம் இன்னும் இறங்கியிருக்கவில்லை. இப்போது அது அவர் மேல் திரும்பியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்டேன்.

“ஒரு வருஷமா ஏன்க்கா யாருமே சொல்லல?”

“கேள்வித்தாள் ஒண்ணு வந்துச்சும்மா. துணி மெல்லிசா இருக்கா, காத்து வருதா, சீக்கிரம் காயுதான்னு கேட்டிருந்தாங்க. எல்லாத்துக்கும் ஆமான்னு போட்டுக் கொடுத்தோம். அது உண்மைதானே? வேற எதையும் எழுத அதுல இடமில்ல.”

கையெழுத்திட்ட தாளை மேசையில் வைத்தேன்.

அந்த மூன்று கேள்விகளையும் எழுதியவள் நான்தான் என்பது அக்காவுக்குத் தெரியாது.

மேனேஜருக்குத் தெரியும். நான் கத்தி முடிக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தது மேசையை அல்ல. அதன் மேல் கிடந்த அந்தக் கேள்வித்தாளை.