கோதண்டபாணி இல்லாத படம்

முதல் வரிசையில் அமைச்சரும் நடுவர்களும், அடுத்ததில் நடிகர்கள், நான்காவது வரிசையின் ஓரத்தில் கோதண்டபாணியும் அவர் மனைவி பங்கஜமும் உட்கார்ந்திருந்தார்கள். மாநிலத்தின் சிறந்த படத்தொகுப்புக்கான விருதை வாங்க மேடையேறிக்கொண்டிருந்தாள் அவர்கள் மகள் செந்தாமரை.

அவளுக்கு விருது வாங்கித்தந்த படத்தில் கோதண்டபாணியும் நடித்திருந்தார். காலமெல்லாம் நாடகம் போட்டவருக்கு அதுதான் முதல் சினிமா. மகனைப் பறிகொடுத்த லாரிக்காரராக ஒரே ஒரு காட்சி. படப்பிடிப்பில் அழாதவர் இல்லை. படம் ஊர்த் தியேட்டருக்கு வருவதற்குள் அவர் சொல்லி வைக்காத ஆளும் இல்லை. செந்தாமரை அந்தக் காட்சியை முழுசாக வெட்டிவிட்டாள்.

“கதை ஓர் இடத்திலும் நிற்கவில்லை” என்று நடுவர் பாராட்டியதும் கோதண்டபாணி எழுந்து நின்று கைதட்டினார்.

“உங்களை வெட்டினவளுக்கா இவ்வளவு கைதட்டு?” என்றாள் பங்கஜம்.

“நான் வந்திருந்தா கதை அங்கேயே நின்னுருக்கும்டி. சனம் என்னையப் பாத்து அழுதுட்டு மிச்சத்தை மறந்துருக்கும். அது புரிஞ்சிருக்கே நம்ம பிள்ளைக்கு.”

“உங்க பெருமையை வெட்டத்தான் கத்திரி இல்ல.”

மறுநாள் காலை, தன் ஊருக்கும் படம் வந்ததும் அவரைத் திரையில் பார்க்கக் குடும்பத்தோடு காத்திருந்த நாடகக் கூட்டாளி கனகசுந்தரத்துக்குக் கடிதம் எழுதினார்.

‘அண்ணே, படத்தில் நான் இல்லை. என் மகள் எடுத்துவிட்டாள். அவசியம் போய்ப் பாருங்கள். நான் எந்த இடத்தில் இருந்தேன் என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது.’

உறையை ஒட்டி, ஓரங்களை விரலால் அழுத்திவிட்டு, தபால்பெட்டிக்குள் போட்டார்.